என் பேரில் எடுத்த வீடு

அக்டோபர் 5, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். இந்த வருடம் கிறிஸ்துமஸ் பாரீசை ஒட்டிய இந்தச் சார்செல் வீட்டில் இல்லை, மலையில். ஆல்ப்ஸில் சவுவாப் பக்கம் லா கொம்ப் பிளான்ஷ் என்றொரு பனிச்சறுக்குக் கிராமம். அங்கே ஒரு மர வீடு, டிசம்பர் 20 முதல் 27 வரை. காலையிலேயே என் பேரில் வாடகைக்கு எடுத்துவிட்டு, பூசைக்குப் போய்வந்த பிறகுதான் வீட்டில் சொன்னேன். முன்னாலேயே சொன்னால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பள்ளிக்கூடக் கேண்டீனில் தினமும் முந்நூறு பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிறவள் நான். நாலு பேரை ஒரு மலைக்குக் கூட்டிப்போக எனக்கு யோசனை தேவையில்லை.

என் வீட்டுக்காரர் அருளப்பன் செய்தித்தாளைக் கீழே வைத்தார்.

"மலைக்கா? உனக்குக் குளிருன்னாலே ஆவாதே மதலேன். நவம்பர் மாசத்துக்கே ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கினு உக்காந்திருப்ப."

"அங்க மூணு போட்டுக்கறேன்."

எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். மனிதர் அப்படியே என் முகத்தைப் பார்த்தார். "ஏன், தெரிஞ்ச ஊரா?" என்று கேட்டேன். "சேச்சே, எனக்கெங்க தெரியும்" என்று எழுந்து காப்பி போடப் போய்விட்டார். முப்பது வருடம் இந்தப் பாரீசில் பஸ் ஓட்டியவர். ஆனால் ஒரு பொய்யை நேராக ஓட்டத் தெரியாது.

இந்த டைரியைப் பயண ஏற்பாட்டுக்காகவே வாங்கினேன். வேறெதுவும் இதில் எழுதுவதாக இல்லை.

அக்டோபர் 8

மகன் ஜெரோம் போன் செய்தான். அவனும் மருமகள் பிரிசில்லாவும் வரச் சம்மதம். ஆனால் அவனுக்கும் ஊரைப் பற்றித்தான் கேள்வி.

"ஏம்மா, ஆல்ப்ஸ்ல எத்தினியோ ஊர் இருக்கு. அது எதுக்கு?"

ரயில் நேராக மூத்தியே வரை போகிறது, அங்கிருந்து பஸ். கோயில் இருக்கிறது. ரொட்டிக்கடை வாசலிலேயே இருக்கிறது. எல்லாக் காரணத்தையும் வரிசையாகச் சொன்னேன். எல்லாம் சரிதான்மா என்றான். என் காரணங்களில் எதுவும் தப்பில்லை.

கிளோதிலைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை. மூன்று வருடமாக நானும் அவளும் பேசுவதில்லை. ஒரே மகள்தான். பேசுவதில்லை, அவ்வளவுதான். கேட்கிறவர்களுக்கு வேலையாக இருக்கிறாள் என்று சொல்வேன். அது உண்மையும்கூட, அவள் நர்ஸ்.

அக்டோபர் 12, ஞாயிறு

கிறிஸ்துமசுக்கு எங்கள் ஊரில் சுடுகிற ரவைக் கேக், விவிக்கம், அதற்குப் பழம் ஊறப்போட்டேன். புதுச்சேரியில் எங்கள் வீட்டுக் கணக்குப்படி எட்டு வாரம் ஊற வேண்டும். உலர் திராட்சை, ஆரஞ்சுத் தோல், முந்திரி, மேலே ரம். அருளப்பன் ரம்மை மோந்து பார்க்கவே மூன்று தடவை அடுப்படிக்கு வந்தார். பாட்டிலை உயரத்தில் வைத்துவிட்டேன்.

அக்டோபர் 19

மலை வீட்டின் சொந்தக்காரி மதாம் ரவினேயிடம் போனில் ஒரு மணி நேரம் பேசினேன். நல்ல பெண்மணி, ஆனால் மிளகாய் வாசனை திரைச்சீலையில் தங்குமா என்று ரொம்பக் கவலைப்படுகிறாள். ஜன்னலைத் திறந்துவைத்துச் சமைப்பேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அடுப்பு நான்கு, ஓவன் ஒன்று, படுக்கையறை மூன்று. எத்தனை பேர் என்றாள். ஐந்து என்றேன். நாங்கள் நான்கு பேர்தான். இருந்தாலும் ஒரு படுக்கை கூடுதலாக இருப்பதில் என்ன நஷ்டம்.

கடைசியாக, ஊரில் இருக்கும் மருத்துவ நிலையம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டேன். எட்டு நிமிட நடையாம். உடம்பு சரியில்லையா என்று பதறினாள். முழங்கால் வலி என்றேன். முழங்கால் வலி எனக்கு உண்டு, அதில் பொய்யில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

புதுச்சேரியிலிருந்து பெர்னதெத் அண்ணி போன். என் வீட்டுக்காரரின் அக்கா. இன்று கல்லறைத் திருநாள் என்பதால் மாமனார் மாமியார் கல்லறைக்குப் பூ வைத்துவிட்டுப் பேசினார். மலைக்குப் போவதைச் சொன்னேன். எந்த ஊர் என்று அவரும் கேட்டார். சொன்னதும் சிரிக்கிறார்.

"அவ இருக்கற ஊருக்குத்தான போற? போ, போ. நல்லாப் போ."

"அண்ணி, நான் கிறிஸ்துமஸ் கொண்டாடப் போறேன்."

"எம் புள்ளைக்குக் கல்யாணமாகி, கொழந்தைக்கு ஞானஸ்நானமும் குடுத்தாச்சு. அவனே மறந்துட்டான். நீ இன்னும் அந்த ஓலையப் புடிச்சிக்கினு நிக்கிற."

சரி, எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இந்தப் பக்கம் முழுக்க ஒன்றும் விளங்காது.

மூன்று வருடத்துக்கு முன் அண்ணி மகன் எத்தியேனுக்கும் கிளோதிலுக்கும் புதுச்சேரியில் கல்யாணம் நிச்சயம். கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சாமியார் ஊரறியப் படித்தார். நான் முன் பெஞ்சில் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது ஓலைக்கு முந்திய நாள் கிளோதில் பாரீசிலிருந்து போன் செய்தாள். நான் வரலம்மா, எனக்கு இது வேணாம், ஆரம்பத்திலேர்ந்து சொல்லிட்டுத்தான் இருக்கேன், நீ கேக்கல என்றாள். தடை சொன்னது கல்யாணப்பெண்ணே.

அன்றைக்கு அண்ணி வீட்டுக் கூடத்தில் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்க நான் போனில் சொன்னேன்: "இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காத." அவளும் மிதிக்கவில்லை.

நான் சொன்ன சொல்லை மாற்றுகிறவள் இல்லை. கேண்டீனில் எல்லோருக்கும் தெரியும்.

நவம்பர் 9

மழை. பழத்துக்கு இன்னும் கொஞ்சம் ரம் ஊற்றினேன்.

நவம்பர் 15, சனி

பனிக்கால உடுப்பு வாங்க பிரிசில்லாவுடன் போனேன். அந்தக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். ஒரு மெத்தைக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தேன். பிரிசில்லா காரைக்கால் பெண், மரியாதை தெரிந்தவள். சிரிப்பை அடக்கி அடக்கி அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. "சிரிச்சிக்கம்மா, செத்துகித்து வைக்காத" என்றேன். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

சேலைக்கு மேல் இதைப் போட முடியுமா என்று கடைப் பையனிடம் கேட்டேன். அவனுக்கு என் பிரெஞ்சு புரியாமல் இல்லை. கேள்விதான் புரியவில்லை.

அவள் திடீரென்று கேட்டாள்: "அத்தை, இன்னொரு கோட்டு எதுக்கு? அளவு சின்னதா இருக்கே." தள்ளுபடியில் கிடைத்தது என்றேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

இன்று அருளப்பன் பிடித்துவிட்டார். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"மதலேன், அவ அங்கதான் வேல செய்யறான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"யாரு?"

"கத்திரிக்காயப் பாத்துப் பேசாத. என்னப் பாரு."

சொன்னேன். ஜனவரியில் அவள் இவருக்கு அனுப்பிய வாழ்த்து அட்டையை இவர் பைபிளுக்குள் ஒளித்துவைத்திருந்தார். பைபிளைத் தூசி தட்டுகிறவள் நான். அட்டையில் ஊர் பேர் இருந்தது. பனியில் விழுந்து கைகால் உடைகிறவர்களுக்கு அங்கே கட்டுப் போடுகிறாளாம். எழுத்து இன்னும் அதே மாதிரி வலப்பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது. அதை இவரிடம் சொல்லவில்லை.

"அப்போ அவளப் பாக்கத்தான் போறமா?"

"நாம மலைக்குப் போறோம். அவ அந்த ஊர்ல இருந்தா நான் என்ன பண்றது? வரணும்னா வரட்டும். என் வீட்டு வாசப்படியத்தான மிதிக்காதன்னேன். அது என் வீடா? அது மதாம் ரவினே வீடு."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது சிரிப்பில் வந்த தண்ணீர் மட்டுமில்லை என்று எனக்குத் தெரியும்.

"அடியே, இதுக்கா அறுநூறு கிலோமீட்டர் தள்ளி வீடு புடிச்ச?"

என் யோசனையில் ஓட்டை ஒன்றும் இல்லை. சொன்ன சொல்லும் நிற்கும், பிள்ளையும் வரும். கிறிஸ்துமஸ் அன்று பகல் சாப்பாட்டுக்கு வரச் சொல்லி அவரையே போன் செய்யச் சொன்னேன். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன்.

நவம்பர் 24

அவள் "பாக்கலாம்ப்பா" என்றாளாம். வரமாட்டேன் என்று சொல்லவில்லை. பாக்கலாம் என்றால் வருவாள். எனக்குத் தெரியாதா.

டிசம்பர் 7, ஞாயிறு

கேக் சுட்டேன். ரவை பதமாக நின்றது. துணியில் சுற்றி டப்பாவில் வைத்திருக்கிறேன். இவர் இரண்டு தடவை டப்பாவை முகர்ந்துவிட்டார்.

டிசம்பர் 13

எடுத்துப்போக வேண்டியவை: சீரகச்சம்பா அரிசி நாலு கிலோ, கறிமசாலா, தேங்காய் இரண்டு (பாரீசில் லா ஷபேல் தெருத் தமிழ்க் கடையில் குலுக்கிப் பார்த்து வாங்கினேன்), இஞ்சி பூண்டு, பிரியாணிக்குப் பெரிய தேக்சா, குடில் பொம்மைகள், காகித நட்சத்திரம், முழங்கால் தைலம். மலையில் கடை இருக்கும்மா என்கிறான் ஜெரோம். இருக்கும், சீஸ் கடை.

கிளோதிலுக்கு மாட்டுக்கறி பிரியாணி பிடிக்காது, ஆட்டுக்கறிதான். ஆட்டுக்கறியே போடுகிறேன். எல்லோருக்கும் அதுதான் நல்லது.

டிசம்பர் 20, சனி

வந்து சேர்ந்தோம். ரயிலில் தேக்சாவை வைக்க இடமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த பிரெஞ்சுக்காரர் இறங்கும்போது அதற்கும் சேர்த்து வணக்கம் சொன்னார்.

வீடு நன்றாக இருக்கிறது. வாசலில் மூன்று மரப்படி. மேலே கூரை முழுக்கப் பனி. இவ்வளவு வெள்ளையை நான் ஒருசேரப் பார்த்ததில்லை. நட்சத்திரத்தை வாசலில் கட்டினேன். ஐந்தாவது படுக்கைக்கும் விரிப்புப் போட்டுவைத்தேன்.

டிசம்பர் 22

மற்ற மூவரும் பனிச்சறுக்கு பழகப் போனார்கள். அறுபது வயதில் இவருக்கும் ஆசை. குழந்தைகளோடு குழந்தையாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறுவதும் விழுவதுமாக இருந்தார். நான் ரொட்டி வாங்கப் போனேன்.

ரொட்டிக்கடை இடப்பக்கம். நான் வலப்பக்கம் போய்விட்டேன். மருத்துவ நிலையத்துக்குக் கண்ணாடிச் சுவர். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஒரு சின்னப் பெண் அடிபட்ட தன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தது. கிளோதில் அதன் முன்னால் முழங்காலிட்டு என்னவோ சொன்னாள். அது அழுகையை நிறுத்திச் சிரித்தது. முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். இளைத்திருக்கிறாள். இல்லை, இளைக்கவில்லை, முகம் தெளிந்திருக்கிறது. வேலை செய்யும்போது அவள் கை எவ்வளவு நிதானமாக இருக்கிறது என்று நான் இதுவரை பார்த்ததே இல்லை.

எனக்குப் பெருமையாக இருந்தது. பத்து நிமிடம் அப்படியே நின்றேன். ரொட்டி வாங்காமல் வந்துவிட்டேன். கடை மூடியிருந்தது என்று சொன்னேன்.

டிசம்பர் 24

குடில் வைத்தாயிற்று. சாயங்காலப் பூசைக்குப் போனோம். அவள் வரவில்லை, மாலை வேலையாம், இவர் சொன்னார். நாளை பன்னிரண்டரைக்கு வருகிறாள், இடையில் ஒரு மணி நேரம் ஓய்வு. கறியை ஊறவைத்துவிட்டேன். எல்லாம் சரியாக நடக்கிறது.

டிசம்பர் 25, பகல்

வந்தாள்.

தேக்சாவைத் தம்மில் போட்டிருந்தேன். ஜன்னலில் பார்த்தேன். சிவப்புச் சீருடைக் கோட்டில், கையில் பூங்கொத்தோடு தெரு முனையில் வந்தாள். இவர் வீட்டுச் செருப்போடு பனியில் ஓடினார். ஜெரோம் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினான். பிரிசில்லா தன் கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக நாத்தனாரைப் பார்க்கிறாள், கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். நான் கரண்டியோடு வாசலில் நின்றேன். கிளோதில் மூன்று படிக்கும் கீழே நின்றாள்.

"உள்ள வரச் சொல்லுங்க, குளுருது" என்று இவரிடம் சொன்னேன்.

அவளும் இவரைப் பார்த்துத்தான் பேசினாள். "இது யாரு வீடுப்பா?"

"வாடகை வீடுன்னு சொல்லுங்க" என்றேன்.

"யாரு பேர்ல எடுத்த வாடகை வீடுன்னு கேளுங்கப்பா."

அருளப்பன் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பஸ்ஸில் சண்டை நடந்தால் இப்படித்தான் விழித்திருப்பார். "உங்கம்மா பேர்லதாம்மா" என்றார் மெல்ல.

"அப்போ இந்த ஒரு வாரம் இது அம்மா வீடுதான? அம்மா வீட்டு வாசப்படிய நான் மிதிக்கக் கூடாது. எனக்குக் கோவமில்லப்பா. அப்பிடி இருந்தா இங்க வந்திருக்கவே மாட்டேன். ஆனா அந்த வார்த்தையச் சொன்னவங்க இன்னும் வாபஸ் வாங்கல."

பூங்கொத்தைப் படியில் வைத்தாள். அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொன்னாள். என்னை ஒரு தடவை நேராகப் பார்த்தாள். போய்விட்டாள்.

"அத்தை, வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றாள் பிரிசில்லா. எதிர்த்துப் பேசாத பெண். சோறு குழைந்துவிடும், உட்காருங்கள் என்றேன். பரிமாறினேன். ஐந்து தட்டு வைத்திருந்தேன். யாரும் சாப்பிடவில்லை. நான் மட்டும் ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டேன். உப்பு இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

அதே நாள், பிறகு

பாத்திரத்தைக் கழுவும்போது புத்தியில் உறைத்தது. மூன்று வருடமாக அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்காமல், அதைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடியிருக்கிறேன். அறுநூறு கிலோமீட்டர் சுற்றி வந்திருக்கிறேன். அந்தச் சாமர்த்தியம் எல்லாம் அவளைப் படியேற்றவில்லை. என் வயிற்றில் பிறந்தவள், என் தந்திரம் அவளுக்குத் தெரியாமல் இருக்குமா.

நான் நினைத்தது தப்பு. வீட்டைப் பற்றி நினைத்தது மட்டுமில்லை. அவள் ஆரம்பத்திலிருந்தே சொன்னாள், எனக்கு வேணாம் என்று. எனக்குக் காது கேட்டது. பட்டுச்சேலையையும் முன் பெஞ்சையும் நினைத்துக் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

கோட்டை மாட்டினேன். இவர் எழுந்தார். "நானும் வரேன்."

"வேணாம். அந்த வார்த்தையச் சொன்னது நான் ஒருத்திதான். எங்க இருக்குது அவ வீடு?"

"பனிச்சறுக்குச் சாமான் வாடகைக்குக் குடுக்கற கடை இருக்குல்ல, அதுக்கு மேல. வெளிப்பக்கம் மாடிப்படி. பதினாறு படி. கைப்பிடி ஆடும், சுவத்தப் புடிச்சிக்கினு ஏறு." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்குப் புரிந்தது. "போன வருஷம் லியோனுக்கு ஒரு சிநேகிதர் வீட்டுக்குப் போறேன்னேனே..." என்று இழுத்தார்.

அதை ஊருக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றேன்.

கையில் ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. கேக்கும் இல்லை, பிரியாணியும் இல்லை. சாப்பாடு கொண்டுபோனால் சாப்பாட்டைப் பற்றியே பேசிவிட்டுத் திரும்பிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். வெறுங்கையோடு ஒருவர் வீட்டுக்கு நான் போவது இதுதான் முதல் தடவை. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பனியில் கால் புதைந்து புதைந்து எடுத்தேன். பதினாறு படியும் ஏறினேன்.

தட்டினேன். கதவைத் திறந்தாள். வேலை முடிந்து அப்போதுதான் வந்திருப்பாள் போல, முகம் கழுவின ஈரம் அப்படியே இருந்தது. ஒரே அறைதான். கட்டில், மேசை, ஜன்னலில் சின்னதாக ஒரு காகித நட்சத்திரம்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததில் ஒன்றும் வரவில்லை. "கிளோதில்" என்றேன். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தப் பேரை அவள் முகத்துக்கு நேராகச் சொல்கிறேன். "நான் அன்னைக்கு சொன்னது தப்பு. சொல்லியிருக்கக் கூடாது. அந்த வார்த்தைய நான் திருப்பி எடுத்துக்கறேன். கல்யாணம் வேணாம்னு நீ சொன்னது எனக்கு அப்பவே கேட்டுது. கேக்காத மாதிரி இருந்தேன்."

மூச்சு வாங்கிக்கொண்டு மீதியையும் சொன்னேன்.

"இப்போ நான் உன் வாசல்ல நிக்கிறேன். வான்னு சொன்னா வரேன். வேணாம்னா இப்பிடியே எறங்கிப் போறேன், கோவிச்சிக்க மாட்டேன்."

கடைசியில் சொன்னது பொய். திருப்பி அனுப்பியிருந்தால் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதிருப்பேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள்.

"ஷூவக் கழட்டிட்டு வாம்மா. பனியோட வந்தா தரையெல்லாம் நனைஞ்சிடும்."

குனியப் பார்த்தேன். முழங்கால் மடங்கவில்லை. இரண்டு தடவை முயன்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். லேஸில் ஈரம் ஏறி முடிச்சு இறுகிப்போயிருந்தது. நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்தாள், நேரம் பிடித்தது. நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவசரப்படுத்தவில்லை.